என் பெயரில் ஓர் இன்ஜினீயர்

போன வருடம் ஓணம் கழிந்து, வாழைக்குலை விலை இறங்கிக் கிடந்த நேரம். பாறசாலையிலிருந்து குன்னத்துகால் போகும் பாதையில், தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் எங்கள் வீடு. அன்று காலையில் அடுக்களைக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டி ஏற்றியிருந்தோம். ஊர்ப் பெண்கள் குழுவுக்கு நான் தலைவி. ஏத்தங்காய் உப்பேரியும், அதாவது நேந்திரங்காய் வறுவலும், மரச்சீனிக் கிழங்கு வறுவலும் போட்டுப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறோம். சட்டி காய்ந்து வரும்போது என் போன் அடித்தது.

ஒரு பெண் குரல். நல்ல தமிழ். வீட்டுப்பேரையும் என் பேரையும் சேர்த்துச் சொல்லி, "நீங்கதானேம்மா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் பேருக்கு முன்னால் வீட்டுப்பேரைச் சேர்த்துத்தான் எழுதுவார்கள். எங்கள் வீட்டுப்பேர் பழையது. என் மாமனாரின் அப்பா மன்னர் காலத்தில் சர்க்கார் கணக்கு எழுதியவர். அந்தப் பேரை யாராவது முழுதாகச் சொன்னால் என் முதுகு தானாக நிமிரும். இங்கே நான் அதை எழுதப்போவதில்லை. ஏற்கெனவே அது போதுமான அளவு ஊர் சுற்றிவிட்டது.

"உங்க வேலையைப் பார்த்தோம்மா. ரொம்ப சுத்தமா இருக்கு" என்றாள்.

"சுத்தம் இல்லாம இங்கயிருந்து ஒண்ணும் வெளிய போவாதாக்கும்."

"எத்தனை வருஷமா செய்றீங்க?"

"கெட்டிக் குடுத்து வந்த நாள் முதலா செய்யேன்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "தனியாவா, டீமோடவா?"

"குழுவா ஆக்கும். ஆனா பக்குவம் எனக்க கையிலதான்."

பக்கத்தில் ஏத்தங்காய் தோலுரித்துக்கொண்டிருந்த என் அயல்வீட்டுக்காரி, "கெடக்கட்டும், நாங்க எல்லாம் சும்மா இருக்கோம்" என்று முனகினாள். குழுவில் எனக்கு அடுத்தவள் அவள்தான். நாக்கு கொஞ்சம் நீளம்.

போனில் அந்தப் பெண் ஒரு கம்பெனியில் சேர விருப்பமா, வீட்டில் இருந்தே செய்யலாம், மாதம் இவ்வளவு சம்பளம் என்று சொன்னாள். அந்தத் தொகையைக் கேட்டதும் வறுவல் அரிக்கிற கண்ணகப்பையைக் கீழே வைத்தேன். வறுவலுக்கு உலகத்தில் எவனும் அந்தக் காசு தரமாட்டான். இது போனில் பேசி பாங்குப் பணத்தை எடுக்கிற கூட்டம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"ஏட்டி, உங்க கூட்டத்தப் பத்தி எல்லாம் டிவியில காட்டியாச்சு. எனக்க கிட்ட நடக்காது. இப்பமே ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுவேன்."

வேறு யாராவது என்றால் போனை வைத்துவிட்டிருப்பார்கள். அவளோ சிரித்தாள். "அம்மா, பஞ்சாயத்து விவசாயக் கண்காட்சியில பச்சைக் கரைப் புடவை கட்டிட்டு, கையில கேடயத்தோட நிக்கிறது நீங்கதானே? பக்கத்துல ஒரு பெரிய வாழைக்குலை இருக்கே?"

போனைக் காதில் வைத்தபடியே முற்றத்தில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரோ மதிலுக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு பேசுகிறார்கள் என்றே நினைத்தேன். மதிலுக்கு அந்தப்புறம் ஒரு பசு மட்டும் நின்றது.

பேத்தியைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டு மருமகள் அப்போதுதான் படி ஏறி வந்தாள். போனை அவளிடம் நீட்டினேன். இங்கிலீஷில் ஏதோ கேட்டாள், பதிலைக் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

என் மருமகள் களியக்காவிளைப் பக்கத்துப் பெண். எல்லை தாண்டி வந்தவள். கம்ப்யூட்டர் படித்து, திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். பிள்ளை பிறந்ததும் அந்த வேலையை விட்டாள். திரும்பப் போகலாம் என்று நினைத்தபோது ஒருவரும் எடுக்கவில்லை. இத்தனை வருடம் சும்மா இருந்தாயே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நெய்யாற்றின்கரையில் டைல்ஸ் கடையில் நிற்கிற என் மகனுக்கு அதில் வருத்தம் உண்டு, வெளியே சொல்லமாட்டான். மத்தியானத்தில் அவள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதைப் பார்ப்பேன். பொழுதுபோக்கு என்றுதான் எண்ணியிருந்தேன்.

அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி, உலகத்தில் பல ஊர்க்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து கம்ப்யூட்டருக்கு வேண்டியதை எழுதி வைக்கிற இடம் ஒன்று உண்டாம். இவள் அதில் போய் மற்றவர்களின் பிழைகளைத் திருத்திக் கொடுத்திருக்கிறாள். அதை அவள் பேரில் செய்யவில்லை, என் பேரில் செய்திருக்கிறாள்! எனக்குப் போன் வாங்கியபோது ஓர் ஈமெயில் தொடங்கினாளே, அதையே அங்கேயும் கொடுத்துவிட்டாளாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "எனக்க பேர எடுக்க உனக்கு ஆரு சொன்னா? இந்த வீட்டுப்பேர நாலு பேரு நடுவுல வைக்கும்போ ஒரு வார்த்த கேக்கண்டாமா?"

"ஏசுங்க மாமி. எனக்குப் பாதி மறந்துபோச்சு. சின்னப் பிள்ளைங்க கேக்குத மாதிரி கேள்வியெல்லாம் அதுல போய்க் கேக்க வேண்டியிருந்து. கூட வேலை பாத்தவங்க கண்டா சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன். உங்க பேருக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டேன்."

மதியம் அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுப்பதுதான் அவள் வேலையாம், பெங்களூரில். வேலை கேட்டு வருகிறவர்களை மட்டும் பார்த்தால் போதாது, கேட்காமல் எங்கேயோ இருக்கிற நல்ல கையைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்றாள். எப்படித் தேடுவாய் என்று கேட்டேன். இன்டர்நெட்டில் எல்லோரும் தேடுகிற அதே பெட்டியில்தானாம். எந்த வேலை தெரிந்த ஆள், எந்த ஊர்ப் பக்கம் என்று சொற்களைக் கொடுப்பாளாம். வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டால், அந்தச் சொல் உள்ளதை எல்லாம் அது தள்ளிவிடுமாம்.

"இப்பிடி ஒரு கோடு வீட்டுக்கு உண்டும்னா நல்லா இருக்கும்" என்றேன். மருமகள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

அப்படி நெய்யாற்றின்கரைத் தாலூக்காவைக் கொடுத்துத் தேடியபோது என் பேர் வந்திருக்கிறது. இந்த ஆள் யார் என்று பார்க்க அந்தப் பேரையே மறுபடி தேடினாளாம். சாதாரணமாக ஒரு பேருக்கு ஆயிரம் பேர் வந்து நிற்பார்களாம். வீட்டுப்பேர் முன்னால் இருந்ததால் உலகம் முழுவதும் தேடியும் ஒரே ஆள்தான். ஒருபக்கம் கம்ப்யூட்டர் வேலை, மறுபக்கம் கண்காட்சிப் படத்தில் வாழைக்குலை, வறுவல் பாக்கெட், அதில் என் போன் நம்பர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, விவசாயமும் பார்த்துக்கொண்டு, பொழுதுபோகாமல் புரோகிராம் எழுதுகிற ஓர் அம்மா என்று முடிவு செய்துவிட்டாளாம். கேட்க எனக்குத் தலை சுற்றியது. எனக்குத் தெரியாமல் நான் எங்கெங்கே இருந்திருக்கிறேன்!

ஆனால் மருமகள் உண்மையைச் சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது. வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் செய்தவர் பேர் வேறு. முன்பு ஒருவர் யாரோ செய்ததைத் தன்னுடையது என்று காட்டிப் பிடிபட்டிருக்கிறாராம். அதனால் கம்பெனி நம்பாது. மருமகளைத் தனியாகப் பரீட்சை செய்வார்கள், அதோடு பேருக்கு உரியவரான நானும் ஒருமுறை வீடியோவில் வந்து, அது மருமகள் செய்த வேலை என்று சொல்ல வேண்டும்.

மருமகள் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "உங்களுக்குப் பிடிக்கலன்னா விட்டிருவோம் மாமி. ஆனா இத்தன வருஷத்துல என்னைத் தேடி வந்த ஒரே வேலை இதாக்கும். இது போனா இனி நான் யாருகிட்டயும் போய்க் கேக்க மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். கோபம் இருந்தும் வருகிறேன் என்று சொன்னேன்.

அந்த நாள் வந்தது. பரீட்சை எல்லாம் முந்தைய வாரமே முடிந்துவிட்டது, நன்றாகச் செய்திருக்கிறாள். அன்றைக்கும் உப்பேரி நாள்தான். அயல்வீட்டுக்காரி அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நல்ல சேலை உடுத்து முன்னறையில் உட்கார்ந்தேன். திரையில் அந்தப் பெண்ணும், தாடியைச் சீராக வெட்டிய ஓர் ஆபீசரும். அவர் இங்கிலீஷில் கேட்க, அவள் தமிழில் சொன்னாள். இந்தப் பேர் உங்களுடையதா? ஆமாம். இந்த வீடா? ஆமாம். எல்லாம் சரியாகப் போனது.

பிறகு அவள் சொன்னாள்: "பதிவுக்காக ரெண்டு வரி வேணும்மா. உங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு தமிழ்லயே டைப் பண்ணிருக்கேன். வாசிச்சிட்டா முடிஞ்சது."

திரை முழுக்கப் பெரிய பெரிய எழுத்து.

எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றது. அங்கே மலையாளம், வீட்டில் தமிழ், இரண்டும் உருப்படவில்லை. கையெழுத்துப் போடுவேன். எண்கள் தெரியும். பஸ்ஸின் போர்டை அதன் உருவத்தை வைத்துச் சொல்வேன். அதற்கு மேல் இல்லை. ஊரில் ஒருவருக்கும் இதைத் தெரியவிடாமல்தான் இவ்வளவு காலமும் தலை நிமிர்ந்து நடந்தேன். அந்த எழுத்துகள் எதிரே நிற்க, நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

அப்போது மருமகள் சட்டென்று முன்னால் வந்தாள். "மாமிக்கு இன்னைக்குக் கண்ணுல மருந்து விட்டிருக்கு. எழுத்து மங்கலாத் தெரியும். நான் சொல்லுதேன், அவங்க திருப்பிச் சொல்லட்டும்."

ஆபீசரின் முகம் இறுகியது. இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நீங்களே சொல்லிக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பதாக அந்தப் பெண் மெதுவாகத் தமிழில் சொன்னாள். அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை. மருமகளோ விடாமல் கண், மருந்து, டாக்டர் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

என்னை உலுக்கியது அந்தப் பொய் அல்ல, அது வந்த வேகம். யோசித்து வந்த பொய் அது இல்லை. பழகிய வாயிலிருந்து வந்தது. அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பாங்கில், "மாமி உக்காருங்க, நான் வரிசையில நிக்கேன்" என்று தாளை வாங்கிக்கொண்டு போவாள். கேடயம் வாங்கிய அன்று எனக்குக் கொடுத்த பேச்சுத் தாளை, காற்றில் பறக்கும் என்று சொல்லித் தன் கையில் பிடித்துக்கொண்டு காதருகே சொல்லிக் கொடுத்தாள். குழுக் கூட்டத்தில், "மாமி சட்டியப் பாக்கட்டும், கணக்க நான் வாசிக்கேன்" என்பாள். இவளுக்குத் தெரியும். எப்போதோ தெரியும். இப்போது தனக்கு வந்த வேலையையே போட்டு என் மானத்தை மூடிக்கொண்டிருக்கிறாள்.

அவள் கையைப் பிடித்து ஒதுக்கினேன்.

"கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல மக்கா. எனக்கு வாசிக்கத் தெரியாது. இந்தப் பேரு எனக்க பேரு. அந்த வேலை இவளுக்க வேலை. ரெண்டு வரி வாசிக்கத் தெரியாத நான் உங்க கம்ப்யூட்டர்ல என்னத்த எழுத? இவ இப்பம் சொன்னது பொய்யாக்கும். அதும் எனக்காகச் சொன்னது."

அடுக்களையில் கத்திச் சத்தம் நின்றது. அந்தப் பெண் என் பேச்சை இங்கிலீஷில் சொன்னாள். நான் சொன்னதைவிட அதிக நேரம் சொன்னாள். ஆபீசர் மருமகளைப் பார்த்து ஏதோ கேட்டார், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டார். திரை அணைந்துவிட்டது.

அயல்வீட்டுக்காரி கத்தியோடு வாசலில் நின்றாள். "அப்போ அக்கா, கழிஞ்ச மாசம் நான் எழுதுன கணக்கப் பாத்து, 'பிழை உண்டு, திருத்திக் கொண்டுவா'ன்னு சொன்னியளே, அது எப்பிடி?"

"உனக்க எழுத்துல எங்கயாவது ஒரு பிழை இருக்கும்னு ஒரு நம்பிக்கைதான்."

"பிழை இருந்துதே!" என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பு மதில் தாண்டிப் போனது. மறுநாள் பால் வாங்க வருகிறவர்கள் வரைக்கும் தெரிந்துவிட்டது. நான் நினைத்ததுபோல வானம் இடிந்து விழவில்லை. ஆனால் சில நாள் முதுகு நிமிர மறுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலைக்கு உத்தரவு வந்த அன்று மருமகளிடம் கேட்டேன், எப்போது முதல் உனக்குத் தெரியும் என்று. சொல்லமாட்டேன் என்றாள். விடவில்லை.

"பெண்ணு பாக்க வந்த அன்னைக்கே மாமி. அப்பா எனக்க மார்க் ஷீட்டுன்னு ஒண்ண உங்க கையில தந்தாரு. நீங்க ரொம்ப நேரம் பாத்துட்டு, 'பிள்ளைக்கு நல்ல மார்க்காக்கும்'ன்னு சொன்னிய. அப்பா அவசரத்துல மாத்தி எடுத்துட்டாரு. அது கரண்ட் பில்லு."

இந்தக் கதையைக்கூட நான் வாயால் சொல்ல, அவள்தான் எழுதுகிறாள். இந்த இடத்தில் எழுதமாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான்தான் எழுதச் சொன்னேன்.

எங்கேயோ இருக்கிற ஒருத்தி ஒரு பெட்டியில் நாலு சொல்லைப் போட்டு என் படத்தையும் சேலைக் கரையையும் கண்டுபிடித்ததைப் பார்த்து நான் அன்று பயந்துபோனேன். அந்தக் கரண்ட் பில்லை என் கையில் பார்த்தும் சிரிக்காமல், அப்படிப்பட்ட வீட்டுக்கே வாழ வந்து, என்னோடு ஒரே அடுக்களையில் நின்று, தெரிந்ததைத் தன் புருஷனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாளே ஒருத்தி, அதை நினைக்கும்போதெல்லாம் இந்த வயதிலும் என் நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் ஓடுகிறது.