பூட்டிய வீட்டின் லைட் பில்

மராத்திக்காரர்கள் ஊரான ஆகுர்டியில் எங்களுக்கு ஒரு ஃப்ளாட் இருந்தது. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் பால்கனி. தொண்ணூறுகளின் நடுவில் என் நகையில் பாதியை விற்றும், மீதிக்கு என் கணவர் கம்பெனியில் கடன் போட்டும் வாங்கினோம். ஆனால் நாங்கள் குடியிருந்தது சில ஸ்டேஷன் தள்ளி கட்கியில், வாடகை வீட்டில். நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் அங்கே நடக்கிற தூரத்தில் இருந்தது. மகளும் அங்கேதான் படித்தாள். ஆகுர்டி வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். அவர் ரிட்டயர் ஆனதும் அங்கே போய்விடலாம் என்று பேச்சு.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். வேறு ஆள் பார்க்கலாம் என்றேன்.

"கொஞ்ச நாளு பூட்டியே கெடக்கட்டும். சொவரெல்லாம் பாழாக்கி வெச்சிருக்காங்க. வெள்ளையடிச்சுட்டு விடலாம்" என்றார் என் கணவர்.

அந்த வெள்ளையடிப்பு மாதா மாதம் தள்ளிப்போனது. நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படும்படியான ஆளே இல்லை அவர். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்கென்று போசரிக்கு வந்தவர். ஒரே தொழிற்சாலையில், ஒரே இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபது வருஷம். தனியாக ஒரு சினிமாவுக்குப் போய்விட்டு வந்தால்கூட முழுக் கதையையும் எனக்குச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார்.

மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு பேருமாக லோக்கல் ரயில் பிடித்து ஆகுர்டிக்குப் போவோம். வீட்டைத் திறந்து பெருக்கித் துடைப்போம். கீழ்வீட்டில் இருந்த, பகலெல்லாம் ஆபீஸுக்குப் போய்விடும் சொசைட்டி செக்ரட்டரி, பூட்டிய வீடுகளுக்கு வரும் தபாலையெல்லாம் எடுத்து வைத்திருப்பார். பராமரிப்புப் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதையும் லைட் பில்லையும் என் கையில் கொடுப்பார். பில் மராத்தியில் இருக்கும். என் கணவருக்கு மராத்தி பேச்சோடு சரி, வாசிக்கச் சோம்பல். அதனால் லைட் பில் எப்போதும் என் இலாகா.

முதல் இரண்டு மாதம் ஆளில்லாத வீட்டுக்கு வர வேண்டியதுதான் வந்தது. மூன்றாவது மாதம் பில்லைப் பிரித்தபோது யாருடைய பில்லையோ மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். நம்பர் சரியாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் இன்னும் ஏறியது.

"ரேட்டு ஏத்தியிருப்பாங்க. கட்டிட்டுப் போலாம் விடு" என்றார்.

எனக்கு விட முடியவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். கவுன்டருக்குப் பின்னால் பணி ஓய்வை நெருங்கிய ஒரு பெண் கிளார்க். பொறுமைசாலி. என் பில்லையே திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார்.

"இது நிலைக்கட்டணம். பூட்டியிருந்தாலும் வரும். ரேட் ஏறியது உண்மைதான். அதனால் கூடியது இந்தச் சின்னத் தொகை மட்டும். பாக்கியெல்லாம் யூனிட். கொஞ்சமாகச் செலவழித்தால் ஒரு யூனிட்டுக்கு ஒரு விலை. இந்த அளவைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட யூனிட்டுக்கு வேறு விலை. நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள்."

"வீட்டில் யாருமே இல்லையே."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஆளில்லாத வீட்டில் மீட்டர் சும்மா ஓடாது, அம்மா. ஒன்று மீட்டரில் கோளாறு, இல்லை வேறு யாரோ எடுக்கிறார்கள். புகார் எழுதிக் கொடுங்கள், சோதிக்கிறோம்."

அன்று இரவுச் சாப்பாடு முடிந்து இதை அவரிடம் சொன்னேன். தட்டுகளை எடுத்து வைத்தார். பிறகு, "நானே எழுதித் தரேன், குடு" என்று மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் நன்றாக எழுதுவார். மீட்டர் பழையது, அளவுக்கு மீறி ஓடுவதாகச் சந்தேகிக்கிறோம் என்று எழுதினார்.

"அந்த வீட்ல யாருமே குடியிருக்கலைன்னு ஒரு வரி சேருங்க. அதுதாங்க முக்கியம்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். விரல்களில் சொடக்கு எடுத்தார். மறுபடி எடுத்து அந்த வரியையும் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட மூன்று மாதம் நான் அந்த அலுவலகத்துக்கு அலைந்தேன். சோதனைக்கான பணத்தைக் கட்ட ஒரு நாள், ரசீது தொலைந்து நகல் வாங்க ஒரு நாள், ஆள் வரவில்லை என்று கேட்க ஒரு நாள். மழைக்காலம் வேறு. நனைந்த புடவையோடு ஆறரை மணிக்கு வீட்டுக்குள் நுழைவேன். எனக்கு முன்பே வந்திருக்கும் அவர் டீ போட்டு வைத்திருப்பார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். நான் ஒன்று விடாமல் சொல்வேன். முழுக்கக் கேட்டுக்கொள்வார்.

கடைசியில் ஆள் வந்து எங்கள் மீட்டருக்குப் பக்கத்திலேயே செக் மீட்டர் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். சில நாள் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கணக்கைக் காட்டின. மீட்டர் சரி.

"அப்படியென்றால் திருட்டுதான்" என்றார் வந்த லைன்மேன். "உங்கள் வயரிலிருந்து யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள். அக்கம்பக்க வீடுகளில் ஆள் இருக்கிற பகல் நேரமாக வந்து கீழே உங்கள் மெயினை அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் வீட்டு ஃபேன் நிற்கிறதோ அவர்கள்தான்."

எனக்கு யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது போலிருந்தது. எங்கள் எதிர்வீட்டில் ஒரு மராட்டிக் குடும்பம். அந்தப் பெண் மோட்டார் வைத்த தையல் மெஷினில் நாள் முழுக்க பிளவுஸ் தைப்பாள். என்னை வஹினி, அண்ணி, என்று கூப்பிடுகிறவள். அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். செக்ரட்டரியிடம் போய் என் சந்தேகத்தையும் சொல்லிவிட்டேன். அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவள் தன் வீட்டுப் பழைய பில்களையெல்லாம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் கணவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா அப்படிச் சொன்ன? பாவம், அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

"அப்புறம் யாருங்க? பேயா?"

டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

ஒரு வியாழக்கிழமை பள்ளி அறங்காவலர் ஒருவர் காலமாகி, பத்து மணிக்கே பள்ளியை விட்டுவிட்டார்கள். எனக்கு லைன்மேன் சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக ஸ்டேஷனுக்குப் போய் லோக்கல் பிடித்தேன். ஆகுர்டியில் இறங்கி வீடு போய்ச் சேரும்போது பதினொன்றரை இருக்கும். மீட்டர்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஒரே பலகையில் இருந்தன. எங்கள் மீட்டரின் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இல்லை, வேகமாக. மேலே தையல் மெஷின் சத்தமும் கேட்டது.

மெயினை அணைத்தேன். சக்கரம் நின்றது.

தையல் மெஷின் நிற்கவில்லை. நான் தலையைத் தூக்கிப் பார்த்தபடி நின்றேன். அரை நிமிஷம் ஆகியிருக்கும். மேலே ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் கதவின் மேல் தாழ்ப்பாள், எண்ணெய் போட வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தது. ரப்பர் செருப்புக் காலோடு யாரோ இறங்கி வந்தார்கள்.

என் கணவர். பனியனும் கம்பெனி யூனிஃபார்ம் பேன்ட்டுமாக, கையில் டெஸ்டரோடு ஃப்யூஸ் பார்க்க வந்தார்.

கடைசிப் படியில் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். நான் அவரைத் திட்டினேன், அழுதேன் என்றெல்லாம் பிற்பாடு நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. "இன்னிக்கு லீவுங்களா?" என்றுதான் என் வாயில் வந்தது. அவருக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று ஒரு கணம் பயந்தேன்கூட.

"மேல வா" என்றார்.

மேலே போனேன். தரையில் ஒரு பாய். பரணில் போட்டு வைத்திருந்த எங்கள் பழைய கறுப்பு வெள்ளை டிவி ஸ்டூல்மேல் ஏறியிருந்தது. சமையலறை மேடையில் கம்பிச் சுருள் வைத்த ஒரு மின்சார அடுப்பு, அதன்மேல் காலையில் நான் கட்டிக் கொடுத்த டிபன் டப்பா. அந்த அடுப்பை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பரணில் ஏறிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. நானும் அவருமாகக் குனிந்து நிமிர்ந்து பெருக்கிய வீடு. அவர் தன்னுடைய தடத்தைத்தான் என்னோடு சேர்ந்து பெருக்கியிருக்கிறார்.

"எத்தன நாளாங்க?"

"ஏழு மாசம். வி.ஆர்.எஸ். குடுத்துட்டாங்க. நானாக் கேட்டுக்கிட்டதாக் கையெழுத்து வாங்கினாங்க. புது மெஷின் வந்துச்சு, எங்க செக்‌ஷன்ல பாதிப் பேரு வேண்டாம்னுட்டாங்க."

"மாசாமாசம் சம்பளம்?"

"அந்தப் பணத்த பேங்க்ல போட்டு, ஏழாந்தேதி எடுத்து எடுத்துக் குடுத்தேன்."

கம்பெனி பஸ் ரூட்டை மாற்றிவிட்டார்கள், இனிமேல் லோக்கலில் போக வேண்டும் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அப்புறம் இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

"தீபாவளிக்குக் கம்பெனியில குடுத்ததுன்னு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தீங்களே?"

சுவரைப் பார்த்தார். "சிஞ்ச்வாட்ல ஒரு கடையில வாங்கினேன்."

அந்தப் பெட்டியிலிருந்த பர்ஃபியை நான் அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தேன். இருபது வருஷ சர்வீஸுக்கு இந்த வருஷம் பெரிய பெட்டியாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

"வேற யாருக்குங்க தெரியும்?"

"அண்ணனுக்கு மட்டும் சொன்னேன்."

அவருடைய அண்ணன் பொள்ளாச்சியிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வார். முதலில் நான்தான் எடுப்பேன். அவனைக் கொஞ்சம் நல்லாப் பார்த்துக்கம்மா என்பார். எதற்கு இதையே சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சரிங்க மாமா என்பேன்.

வேலை போனதைக் கேட்டு நான் மயங்கி விழுந்துவிட மாட்டேன். நானும் சம்பாதிக்கிறவள். போசரியில் அந்த வருஷங்களில் எத்தனையோ பேருக்குப் போயிற்று, எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அதைச் சொல்ல ஏழு மாதம் வாய் வரவில்லை என்றால், அதைக்கூட நான் புரிந்துகொண்டிருப்பேன். எனக்குத் தாங்காதது வேறு.

"நா அந்த ஆபீஸ்ல கால்கடுக்க நின்னேன். மழையில நனஞ்சு வந்து உங்ககிட்டயே எல்லாத்தையும் சொன்னேன். லெட்டர் எழுதும்போதாவது சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அன்னிக்குச் சொல்றதுக்குத்தான் பேனாவக் கீழ வெச்சேன்."

"அப்புறம்?"

"நீ காத்துக்கிட்டிருந்தே. எழுதிட்டேன்."

நான் எழுந்து வெளியே வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் கிரில்லுக்குப் பின்னால் வந்து நின்றாள். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன்.

"உங்கள் வீட்டுக்காரர் தினம் ஒன்பது மணிக்கு வருவார், வஹினி" என்றாள். "உங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்து நான் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒருநாள் அவல் போஹாகூடக் கொடுத்தேன்." அப்புறம் சொன்னாள். "செக்ரட்டரி என்னை எல்லார் முன்னாலும் வைத்துத்தான் கேட்டார்." பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. கிரில்லையும் திறக்கவில்லை.

மறுவாரம் அலுவலகத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இந்த முறை கடிதத்தை நானே மராத்தியில் எழுதினேன். அதே கிளார்க். "ஆள் கிடைத்தாரா?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர்தான்" என்றேன். முத்திரை குத்தித் தந்தார்.

மகளின் பத்தாம் வகுப்பு முடிந்ததும் கட்கி வீட்டைக் காலி செய்துவிட்டு ஆகுர்டிக்கே குடிவந்தோம். வாடகை மிச்சம். இப்போது நான் லோக்கலில் பள்ளிக்குப் போய் வந்தேன். வந்த அன்று வாசலில் நிற்கும்போது எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். மகளைப் பார்த்துச் சிரித்தாள். என்னோடு பேச அவளுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. வஹினி என்று அப்புறம் அவள் கூப்பிடவே இல்லை. மேடம் என்றாள்.

என் கணவருக்கு ரஞ்சன்காவில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதி. விடியும் முன் கிளம்ப வேண்டும். சேர்ந்த முதல் வாரம், ஒரு மதியம், பள்ளி ஆபீஸிலிருந்து அந்தத் தொழிற்சாலைக்குப் போன் செய்து அவர் பெயரைச் சொன்னேன். ஆபரேட்டர் இருங்கள் என்று இணைப்பைக் கொடுத்தாள். அவருடைய "ஹலோ" கேட்டதும் வைத்துவிட்டேன்.  வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

சாயந்திரம் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"இன்னிக்கு யாரோ போன் பண்ணிட்டு வெச்சுட்டாங்க."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். திரும்பவில்லை.

"எப்ப வேணும்னாலும் பண்ணு" என்றார். "அங்கதான் இருப்பேன்."

கிட்டத்தட்ட ஒரு வருஷம் பண்ணினேன்.