அப்பா சொல்லாத ஆமென்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, செய்தி வாசித்துப் பிழைக்கிறவன் நான். 1955 ஆகஸ்டு மாதம் ஒரு காலையில் சென்னையில் வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. பிழைப்பே தொண்டைதான். அது போனபின் நான் எதற்கு? செத்துப்போனால் நல்லது என்றுகூட அந்த வாரம் நினைத்தேன்.

எனக்குச் சொந்த ஊர் அருமனை. சென்னைக்கு வருமுன் மூன்று வருஷம் திருவனந்தபுரத்தில் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தேன். அப்பாவுக்குக் கண் பார்வை கிடையாது. வீட்டில் சாயங்கால ஜெபத்தில் வேதத்திலிருந்து ஓர் அதிகாரம் வாசிப்பது சிறு வயதிலிருந்தே என் வேலை. முடித்ததும் அப்பா 'ஆமென்' என்பார். நான் வானொலிக்குப் போன பிறகும் அவர் அதை விடவில்லை. தினமும் அக்காவின் கையைப் பிடித்துச் சாயாக்கடைக்கு வந்து, ரேடியோவில் என் செய்தி முடிந்ததும் சத்தமாக 'ஆமென்' சொல்வார்.

செய்தியில் மிளகு விலை வந்த நாளில் கடைக்காரர் கேலி செய்வாராம்: “பாட்டா, நல்லமிளவு விலை இறங்குனதுக்கா ஆமென்?”

“எனக்க மவன் வாசிச்சா ஆமென் சொல்லாம எப்பிடிடே வீட்டுக்குப் போவேன்?”

அக்கா இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக இன்று வெட்கப்படுகிறேன்.

சென்னையிலிருந்து அழைப்பு வந்ததும் கிளம்பிவிட்டேன். அப்பாவிடம் யோசனை கேட்கவில்லை. முதல் நாளே அங்கே ஒருவர், “என்ன சார், செய்தியை ராகம் போட்டுப் பாடுறீங்க?” என்று சிரித்தார். அவ்வளவுதான். நம் ஊர் இழுப்பை ஒழித்துக்கட்டத் தீர்மானித்தேன். தொண்டையை இறுக்கி, குரலைக் கனமாக்கி, யாரோ ஒருவனைப் போல வாசித்தேன். வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் குறைந்துபோயிற்று. மூன்றே மாதத்தில் சத்தம் நின்றது. “ஆறு வாரம் பேசக்கூடாது. அப்புறமும் உறுதி சொல்ல முடியாது” என்றார் டாக்டர். இதையும் நான் வீட்டுக்கு எழுதவில்லை. அகங்காரம், வேறென்ன?

ஆறு வாரமும் முடிந்தது. சத்தம் வரவில்லை. அக்காவின் கடிதம்தான் வந்தது.

“தம்பி, நீ மெட்ராசுக்குப் போன பொறவும் அப்பா தினமும் கடைக்கு வாறாரு. செய்தியில உனக்க பேரைச் சொல்லுதாவ. இது அவன்தான்னு நாங்க எல்லாரும் சொல்லியாச்சு. அப்பா சம்மதிக்கல்ல. ‘இது யாரோ பட்டணத்துக்காரன், எனக்க மவன் இன்னும் வாசிக்கல்லியே’ங்காரு. ஒரு நாளும் ஆமென் சொல்லல்ல. இப்பம் உனக்க பேரும் வரல்ல. உனக்கு என்ன ஆச்சு?”

முழங்காலில் விழுந்து அழுதேன். அதுவரை 'வேலையைக் காப்பாற்றும்' என்றே ஜெபித்தவன் அன்றுதான் மாற்றிக் கேட்டேன். 'ஆண்டவரே, வேலை போனால் போகட்டும். அப்பாவுக்கு ஓர் அதிகாரம் வாசிக்கச் சத்தம் தாரும்.'

ரயிலில் திருநெல்வேலிக்கு வந்து, பஸ் மாறி மாறி, மறுநாள் சாயங்காலம் வீடு சேர்ந்தேன். ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைக் கண்டு எழுந்தாள். பேசாதே என்று சைகை காட்டி, அவள் கையிலிருந்த வேதத்தை வாங்கினேன். ஒரு சங்கீதம். முதல் வசனத்துக்குக் காற்றுதான் வந்தது. இரண்டாவதில் கரகரப்பு. மூன்றாவது வசனம் சத்தமாகவே வந்தது, நம் ஊர் இழுப்போடு! அழுதுகொண்டே முழுவதும் வாசித்தேன்.

“ஆமென்” என்றார் அப்பா. பிறகு என் பக்கமாகக் கையை நீட்டினார். “வந்தியா மக்கா?”

ஓய்வெடுத்ததால் சரியாயிற்று என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். யார் தந்தது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் அப்பாவுக்கு வாசித்தேன். பதின்மூன்றாம் நாள் அவர் கர்த்தரிடம் போய்விட்டார்.

சென்னைக்குத் திரும்பி என் சொந்தச் சத்தத்திலேயே வாசிக்கிறேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. முதல் நாளிலிருந்தே இப்படி வாசித்திருக்கலாமே! அப்பா கேட்டிருப்பாரே!

அன்பானவர்களே, மனம் உடைந்து கேளுங்கள், அவர் தருவார். ஆனால் உங்கள் சத்தத்துக்காக வீட்டில் யாராவது காத்திருந்தால், என்னைப் போலத் தாமதிக்காதீர்கள். இப்போது செய்தி முடிந்து ஸ்டுடியோவின் சிவப்பு விளக்கு அணைந்ததும், நானே மெதுவாக 'ஆமென்' சொல்லிக்கொள்கிறேன்.