பழசுக்கும் போகணும்

மடிக்கணினியை இடது கையில் ஏந்தியபடி அண்ணி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கிறார். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. கண்ணை எடுக்காமலே, "தம்பி, அதைக் கொஞ்சம் அணைங்க" என்கிறார். உட்கார்ந்தால் மூளையும் உட்கார்ந்துவிடுமாம். காலில் சக்கரம் கட்டிய இந்தப் பெண்மணியை என் அண்ணன் எந்தத் தைரியத்தில் கட்டினாரோ!

உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைப் பராமரிக்கும் கூட்டத்தில் அண்ணியும் ஒருவர். யார் வேண்டுமானாலும் பிழை திருத்தி அனுப்பலாம். திருத்தம் புதிய பதிப்பில் சேர்ந்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரி, நூலகம் போன்ற இடங்களில் ஓடுவது பழைய பதிப்பு. அதில் சும்மா கைவைக்க முடியாது. எந்தத் திருத்தம் அங்கேயும் போயே ஆக வேண்டும் என்று பார்த்து, அதன்மேல் குறி வைத்து அனுப்புவது அண்ணியின் வேலை. "புதுசுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. பழசுக்கு நாதி யாரு?" என்பார்.

போன வருடம் புதிதாக வந்த ஒருவரின் திருத்தத்துக்குக் குறி வைத்தார். அது வேறொரு மாற்றத்தை நம்பி எழுதப்பட்டது. அந்த மாற்றமோ பழைய பதிப்பில் இல்லை. அண்ணி கவனிக்கவில்லை. அண்ணியின் கணினியில் ஓடியது, வெளியே எங்கெங்கோ முடங்கியது. திருத்தத்தின் மேல் இருந்தது அந்தப் புதியவரின் பெயர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வசவு தாங்காமல் போனவர் திரும்பவேயில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கும் பதில் இல்லை. அண்ணி அழுததை நான் பார்த்தேன்.

இன்று இன்னொரு புதுமுகம், ஒரு மாணவி. இரண்டே வரித் திருத்தம். அது இல்லாவிட்டால் கணினியில் இடம் நிறைந்த சமயம் சேமிக்கும் கோப்பு பாதியில் அறுந்துபோகும். பழைய பதிப்புக்குத் திருத்தம் வாங்குவது சாயங்காலத்தோடு முடிகிறது. விட்டால் யார் யாரோ எழுதியதை இழப்பார்கள். அனுப்பி ஏதாவது ஆனால் இந்தப் பெண்ணும் ஓடிவிடுவாள்.

அண்ணி நகத்தைக் கடித்துக்கொண்டு முந்தைய மாற்றங்களை எல்லாம் துருவினார். பழைய பதிப்பில் ஓட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுபடி ஓட்டினார். இன்னும் எத்தனை தரம் என்று கேட்ட அண்ணன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"போன தடவையும் இங்க நல்லாத்தான் ஓடுச்சு" என்றார் அண்ணி, என்னைப் பார்த்து.



கடைசியில் குறி வைத்தார். மாணவியின் பெயருக்கு மேலே ஒரு வரி சேர்த்தார்: இதைப் பழைய பதிப்புக்கு அனுப்பியது நான், கெட்டுப்போனால் என்னிடம் பேசுங்கள். பக்கத்தில் தன் கைப்பேசி எண். அனுப்பி முடித்ததும், காலையிலிருந்து அணைத்து வைத்திருந்த கைப்பேசியை எடுத்து இயக்கி, ஒலியை முழுவதுமாகக் கூட்டி, மேசை நடுவில் வைத்தார்.