பேரிகை சாலையில் ஆயில் ஒழுகிய கார்

சூளகிரிக்குப் பக்கத்தில் இருந்த கிரானைட் பட்டறையை விட்டுவிட்டு, பேரிகை சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கல் தூசியில் எனக்கு இருமல் பிடித்திருந்தது. மேஸ்திரியிடம் சொன்னதற்கு, "இங்க எல்லாருக்கும்தான் வருது" என்றார். உண்மைதான். எல்லாருக்கும் வருகிற இடத்தில் நான் எதற்கு என்று கிளம்பிவிட்டேன். கர்நாடக எல்லை தாண்டி மாலூர் பக்கம் போனால் ஓட்டுச் சூளையில் ஆள் எடுப்பார்கள், இல்லாவிட்டால் வேறு ஏதாவது இருக்கும். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நான். அதற்குப் பிறகு வேலைகளையும் அதே சுலபத்தோடு விட்டு வந்திருக்கிறேன்.

ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளைத் தாண்டியதும் எண்ணெய் கருகும் வாடை வந்தது. ஒரு பழைய டீசல் கார் பானெட்டைத் திறந்தபடி ஓரமாக நின்றது. சுடிதாரின் மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு பெண் கையில் துணியோடு என்ஜினை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயில் சைலன்சர் மேல சொட்டுதும்மா, அதான் புகையுது" என்றேன்.

"நீங்க மெக்கானிக்காண்ணா?"

"கிருஷ்ணகிரியில ஒரு லாரி பட்டறையில கொஞ்ச நாள் இருந்தேன்."

"கொஞ்ச நாளா? போதும், வாங்க. ரொம்ப நாள் இருந்தவங்க மூணு பேரு பாத்தாச்சு."

கார் அவளுடையது. ஓட்டுவதும் அவள்தான். தினமும் காலை ஷிப்டுக்குப் பேரிகையிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் இறக்கிவிடுகிறாள். அந்தக் கம்பெனி வாசலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிற வண்டி எதுவானாலும் செக்யூரிட்டிக்காரர் அதன் அடியில் ஓர் அட்டையைத் தள்ளி, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அட்டையை இழுத்துப் பார்ப்பார். ஆயில் சொட்டு இருந்தால் உள்ளே விடமாட்டார். இவளுக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது. மறுநாளும் சொட்டினால் இந்த ட்ரிப்பை வேறு வண்டிக்கு மாற்றிவிடுவார்கள்.

"அதே கம்பெனியில லைன்ல நின்னு வேலை பாத்தவதாண்ணா நான். கால் வீங்கிப்போகும். அத விட்டு வெளிய வரத்தான் இந்த வண்டிய வாங்கினேன். இந்த ட்ரிப்பு போச்சுன்னா மறுபடியும் போய் நிக்கணும்."

நான் அடியில் படுத்துப் பார்த்தேன். என்ஜினின் அடித்தொட்டி முழுக்க எண்ணெய். "கீழ இருக்கிற பேக்கிங் போயிருக்கும் போல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அத மாத்தி ஒரு வாரம்தான் ஆகுது. அவங்க மூணு பேரும் அதையேதான் சொன்னாங்க. நாலாவதா நீங்களும் சேந்துட்டீங்க."

வெட்கமாக இருந்தது. எண்ணெய் எங்கே கசிந்தாலும் கீழேதான் இறங்கும். சொட்டுகிற இடத்தைப் பார்த்தால் போதாது, புறப்படுகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். துணியை டீசலில் நனைத்து என்ஜினைத் துடைத்தேன். மேல்மூடியில் வைத்திருந்த சந்தனம் குங்குமத்தை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அதைச் சுற்றித் துடைத்தேன். ஈரம் காய்ந்ததும் பவுடர் கேட்டேன்.

"பவுடரா? மூஞ்சிக்குப் போடறதா?"

"அதேதான். எண்ணெய் பட்டா கறை தெரியும்."

கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் தந்தாள். "பாத்துப் போடுங்க. என்னைவிடக் கலராகிடப் போகுது."

பவுடரைத் தூவி என்ஜினை ஓடவிட்டோம். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் மெல்ல நடந்து வந்தது. மேல்மூடியின் விளிம்பில் ஒரு கோடு. முன்பக்கம் பெல்ட் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கோடு. பின்பக்கம் இன்னொன்று. இத்தனை பேக்கிங்கும் சேர்ந்தாற்போல் கெட்டுப்போகாது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றும் எண்ணெயும் என் முகத்தில் அடித்தன. என்ஜினுக்குள் உண்டாகிற காற்று வெளியேற ஒரு குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைக்கிற இடுக்கில் எல்லாம் எண்ணெயைத் தள்ளும்.

"எப்ப இருந்தும்மா ஒழுகுது?"

"ஆயுத பூஜை முடிஞ்சதுல இருந்து."

அந்த நேரத்தில், அவள் போன் பண்ணி வரச்சொல்லியிருந்த கணவன் பைக்கில் வந்து சேர்ந்தான். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த முகம், கையில் பஜ்ஜிப் பொட்டலம். நான் அந்தக் குழாயைக் கழற்றிக் கம்பியால் குத்தி இழுத்தேன். கறுப்பாக ஒரு துணிச்சுருள் வந்தது. பிரித்தால் ஓரத்தில் மட்டும் ஊதாப்பூ தெரிந்தது.

"அய்யோ, இது என் நைட்டி!" என்றாள்.

கணவன் பஜ்ஜியை மெல்லுவதை நிறுத்தினான். "பூஜைக்கு என்ஜின் கழுவுனேன்ல. உள்ள தண்ணி போகக் கூடாதுன்னு வெச்சேன். அப்புறம் மாலை, எலுமிச்சம்பழம், பொரின்னு அவசரத்துல…"

அவள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் அவனைத் திட்டத் தொடங்கினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அவன் என்னைப் பார்த்துத் தமிழில் முறையிட்டான். "பாத்தீங்களாண்ணா? கழுவலைன்னாலும் திட்டு, கழுவுனாலும் திட்டு."

"வீடு பூரா தேடினேன்யா அந்த நைட்டிய! உங்க அக்காதான் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்!"

மேல்மூடியின் பேக்கிங் பிதுங்கிப்போயிருந்தது. அவன் பேரிகைக்குப் போய்ப் புதிது வாங்கிவந்தான். அதை மாட்டி, குறைந்த எண்ணெயை ஊற்றினேன். முன்னும் பின்னும் இருந்த கசிவு, அழுத்தம் குறைந்ததால் தானாக நின்றுவிடுமா என்பது எனக்கும் தெரியாது. அதை மறைக்காமல் சொன்னேன். "காலைல நீங்களும் கூட வாங்க, திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள். அவர்கள் வீட்டில் களி தின்றுவிட்டுக் காருக்குள்ளேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் என்னை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். பின்னால் பெண்கள் நெருக்கியடித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். கம்பெனி வாசலில் அட்டை உள்ளே போனதும் பேச்சு நின்றது. அவள் ஸ்டியரிங்கை விடவே இல்லை. செக்யூரிட்டிக்காரர் அட்டையை இழுத்தார். நடுவில் ஒரு சொட்டு.

"என்னம்மா இது?" என்றவர் விரலால் தொட்டார், முகர்ந்தார், தேய்த்துப் பார்த்தார். "தண்ணி" என்றார்.

பதற்றத்தில் ஏசியை அணைக்க மறந்திருந்தாள். அதன் தண்ணீர்தான் அது. பின்சீட்டில் கிளம்பிய சிரிப்பில் கார் குலுங்கியது. "போ, போ, உள்ள போ" என்று அவரும் சிரித்தபடி கையை ஆட்டினார். அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து எடுத்துவிட்டு, கியரைப் போட்டாள்.

நான் வாசலிலேயே இறங்கிக்கொண்டேன். அங்கே மதில் ஓரமாக, அட்டையில் தோற்ற வேன்கள் நின்றன. வண்டிகளைக் கவனிக்கிற ஒப்பந்தக்காரர் என்னிடம் வந்தார்.

"அந்தக் காரை நீதான் பாத்தியா?"

"ஆமாங்க."

"இதையெல்லாம் பாக்கறியா? எவ்வளவு நாள் இருப்ப?"

"சொல்ல முடியாதுங்க."

"சரி, இருக்கிற வரைக்கும் பாரு" என்றார்.

முதல் வேனின் டிரைவரிடம், எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டேன்.