அசையும் பச்சைக் கோடு

புன்னைக்காயலில் நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனி மாடியில் ஒரு வைஃபை பெட்டி உண்டு. வேகம் குறைந்துவிட்டதென்று அதைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், வெயிலில் வெளுத்த தொப்பி. காய்ச்சல் பார்ப்பதுபோலப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறந்தார்.

"நிறுத்திப் போட்டாச் சரியாயிரும்" என்றவர், சுவிட்சுக்கு நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். திரையில் ஒரு பச்சைக் கோடு, தூங்கும் பிள்ளையின் வயிறுபோல ஏறி இறங்கியது.

"யாரோ வீடியோ கால் பேசுதாவ போல. முடிக்கட்டும் அண்ணாச்சி."

"ஒங்க பஸ்சு போயிருமே?"

"போனாப் போவுது. அடுத்தவுக பேச்ச நாம ஏன் அறுக்கணும்?"

நான் கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே பார்த்தேன். படிக்கட்டில் பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்து, நான் கொடுத்த வைஃபை பாஸ்வேர்டில், கப்பலில் இருக்கும் புருஷனுக்குப் பிள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் நேரில் பாராத பிள்ளை. மாலையில் கப்பல் கிளம்பிவிட்டால் வெகுநாள் பேச முடியாது. அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

காற்று வீசிக்கொண்டே இருந்தது. ஆறும் கடலும் ஒரே நிறமாயின. பஸ் ஹாரன் கேட்டுத் தேய்ந்தது. அவர் கோட்டையே பார்த்திருந்தார். அது படுத்த பிறகுதான் பெட்டியை நிறுத்திப் போட்டார்.

நாங்கள் இறங்கும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டாள். அவர் குனிந்து, பிள்ளையின் நெற்றியில் அதே உள்ளங்கையை வைத்தார். பிறகு நடந்துபோனார்.

அந்தப் பேச்சு அவளுடையதென்று அவருக்குத் தெரியுமா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.