எல்லைக்கல் தேட வந்தவர்

மடத்துவெளியில் எங்கள் காணி காடு பற்றிக் கிடந்தது. எல்லைக்கல்லைச் சித்தப்பாதான் பிடுங்கினார் என்று முறைப்பாடு எழுதி வைத்திருந்தேன். கல் நின்ற இடத்தைக் காட்டினால் எழுத்துக்கு வலு வரும். அதற்காக, காணி அளக்கும் சேவையர்மாரோடு முன்பு சங்கிலி பிடித்துத் திரிந்த ஒருவரை அழைத்து வந்தேன்.

மெலிந்த மனிதர். மடித்துக் கட்டிய சாரம், தோளில் கடப்பாரைபோல் ஓர் அலவாங்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவுவது அவர் பழக்கம்; எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வேலை முடிந்து கழுவலாமே என்றேன். சிரித்தார்.

மூன்று நாள் காணியில் பனை வடலிக்குள்ளும் காரைமுள்ளுக்குள்ளும் நிலத்தைக் குத்திப் பார்த்தோம். நான் ஒவ்வொரு முள்ளுக்கும் சித்தப்பாவைத் திட்டினேன். வந்தவர் அலவாங்கை அடுத்த இடத்தில் குத்தினார். மூன்றாம் நாள் பின்னேரம் கிணற்றடிக்கு வந்து, நாங்கள் உடுப்புத் தோய்க்கும் கல்லை அலவாங்கால் நெம்பிப் புரட்டினார். அடியில் எல்லைக்கல்லுக்கு வெட்டும் சிலுவைக்குறி இருந்தது.

"இது அப்பா கொண்டுவந்து போட்ட கல்லு, அண்ணை."

"ஓம் தம்பி. முதல் நாள் கால் கழுவேக்கையே விளங்கினது. தோய்க்கிற கல்லை ஆர் நாலு பக்கமும் இப்பிடிக் கொத்துறது?"

"அப்ப ஏன் மூண்டு நாள் காட்டுக்கை தேடினனீங்கள்?"

"நீர் நல்ல கோவத்திலை நிண்டனீர். களைக்கட்டும் எண்டு விட்டனான்."

பிறகு கல்லைப் பழையபடி கவிழ்த்து, மண்ணை மிதித்து இறுக்கினார்.

"எல்லாரும் இப்பிடித்தான் செய்யச் சொல்லிக் கேக்கிறவை" என்றார்.

மூடச் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்திருந்தேன், அவ்வளவுதான்.