பாதை வரும், கரையில் நில்லுங்கள்

மண்டூருக்குப் போய்வந்து நான்கு நாளாகிறது, இன்னும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அலுவலகத்தில் இரண்டு பேரிடம் சொல்லியாயிற்று. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாவிடமும் சொல்லியாயிற்று. மிச்சம் நீங்கள்தான்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எனக்குப் பெருமை தரும் கதையில்லை. எங்களுடையது வத்தளையில் ஒரு மெதடிஸ்த குடும்பம். ஒருவருக்காவது சுவிசேஷம் சொல்லுங்கள் என்று சபையில் வருடா வருடம் சொல்வார்கள். நான் வெங்காய விலை முதல் கிரிக்கெட் வரை யாரோடும் எதையும் பேசுவேன். இயேசு என்று வந்தால் மட்டும் வாய்க்குள் கொழுக்கட்டை. அதனால் நான் கண்டுபிடித்த குறுக்கு வழி, நோட்டீஸ். மூன்று வருடத்துக்கு முன் என் தோழி சிவமலர் மண்டூரில் புதுவீட்டுக்குக் குடிபூர்ந்தாள். வந்தவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த பலகாரப் பைகளில், யாரும் பார்க்காத நேரம் ஒவ்வொரு நோட்டீஸாகச் செருகினேன். முறுக்கோடும் பயற்றம் பணியாரத்தோடும் "வழி இயேசுவே" என்று கொட்டை எழுத்தில் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அன்றோடு சிவமலர் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டாள். பல்கலைக்கழக விடுதியில் நாலு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள்!

இந்த ஜனவரியில் திடீரென்று, நெல் அறுவடைக்குக் கூப்பிட்டு ஒரு செய்தி அனுப்பினாள். "வெள்ளாம வெட்டப் போறம். வாறதெண்டா வா. நோட்டீசு கொண்டு வராத." அதைப் படித்து நான் போட்ட சத்தத்தில் என் கணவர் குளியலறையிலிருந்து ஓடி வந்தார்.

பெப்ரவரி கடைசி வெள்ளி, கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணி ரயில். இரண்டாம் வகுப்புக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய். மட்டக்களப்பில் இறங்கும்போது மணி மூன்றேகால். நகரத்தில் வாவியோரமாக ஒரு சிறிய விடுதி, இரவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு, மின்விசிறி அறை. இரவில் நுளம்பு கடிக்கும், வலை கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு, அன்று சொல்லாததை இந்த முறை வாயால் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் செய்யப் போய் முதலாவதையும் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒத்திகையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கெடுத்தால் சிவமலர் போனாள், அவ்வளவுதான்.

சனி காலை ஏழரைக்குக் கல்முனை பஸ். களுவாஞ்சிக்குடி முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட, ஒரு மணி நேரம். இறங்கி ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"மண்டூருக்கோ அக்கா? பாதையால போறீங்களோ, பாலத்தால போறீங்களோ?"

போன முறை குடும்பத்தோடு வான் வண்டியில் பாலத்தால் வந்தது ஞாபகம் இருந்தது. "எது கிட்ட?"

"பாதைதான் கிட்ட."

"அப்ப பாதையாலேயே போங்க" என்றேன். சிவமலருக்கும், பாதையால் வருகிறேன் என்று பெரிய விஷயம் தெரிந்தவள்போலச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குருமண்வெளியில், வாவிக்கரையில் ஓட்டோ நின்றது. முன்னால் தண்ணீர். இடப்பக்கமும் வலப்பக்கமும் தண்ணீர்.

"தம்பி, பாதை எங்க?"

"அக்கரையில நிக்கிது அக்கா. இப்ப வந்துடும்."

"பாதை வருமா?"

"ஓம், வரும். மோட்டச்சைக்கிள் ஏறினதும் வெளிக்கிடும்." இருநூற்றைம்பது ரூபாயை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

என்னைக் கேலி செய்கிறாரென்றே நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், வாவி நடுவில் ஒரு தட்டையான இரும்பு மிதவை, மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும் மனிதரையும் சுமந்துகொண்டு மெல்ல என் பக்கமாக வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர்தான் பாதை! வத்தளைக்காரிக்கு அது எப்படித் தெரியும்? முன்வரிசையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குத் தலையில் துவாய் போட்டபடி சிவமலர் நின்றாள். என்னைக் கூட்டிப்போகவே வந்திருக்கிறாள். எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது.

கட்டணம் ஆளுக்கு முப்பது ரூபாய். அக்கரைக்குப் பதினான்கு நிமிடம் எடுத்தது, நேரம் பார்த்தேன். ரோட்டைத் தேடிய கதையைச் சொன்னதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் மன்னிப்பைக் கேட்டுவிட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

"எனக்குக் கோவம் இயேசுவோட இல்ல கா, உன்னோடதான்" என்றாள். "நாலு வருஷம் ஒரே அறையில கிடந்தம். சாப்பிட முன்னம் நீ கண்ண மூடுவாய். என்ன சொல்றாய் எண்டு ஒரு நாளும் சொல்லல்ல. மறுகா என்ட குடிபூரலுக்கு வந்து ஊர்ச்சனத்துக்கெல்லாம் கடதாசி குடுத்தாய். எனக்கு ஒரு வார்த்த வாயால சொல்லல்ல. நான் என்ன, உனக்குப் பலகாரப் பையோ?"

அவளை மதம் மாற்றப் பார்த்தேன் என்று அவள் கோபித்ததாகவே மூன்று வருடமும் எண்ணியிருந்தேன். உண்மையில் நான் அவளைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசியிருக்கிறேன், அதுவும் கடதாசியால்.

"சரி, இப்பச் சொல்லு" என்றாள். "கரை தட்ட முன்னம் சொல்லி முடி."

பாதிக்கு மேல் வந்துவிட்டோம். ரயிலில் பார்த்த ஒத்திகை ஒன்றும் நினைவில் வரவில்லை. காலுக்குக் கீழே இயந்திரம் அதிர்ந்தது. வாய் தானாகத் திறந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு வேலை பறிபோன வருஷம் நான் உடைஞ்சு போனேன் சிவா. உன்கிட்ட சொல்லல. நல்லவளா நடந்தா கடவுள்கிட்டப் போயிடலாம்னு நெனச்சு நடந்தேன், நடந்தேன், முடியல. வழின்னா நான் நடக்க வேண்டிய ரோடுன்னுதான் நெனச்சிருந்தேன், இன்னிக்குக் காலையில மாதிரியே. ஆனா முன்னால தண்ணி. இயேசு நான் நின்ன கரைக்கே வந்தாரு. அப்படி வந்ததுக்கு அவர் குடுத்தது அவரோட உயிர். நான் செஞ்சது ஏறினது மட்டுந்தான்." காலால் இரும்புத் தளத்தைத் தட்டினேன். "இது மாதிரி."

அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள், பிறகு தண்ணீரை. "நான் மண்டூர் முருகன்ட புள்ள. தெரியுந்தானே?"

"தெரியும்."

"நீ இப்பச் சொன்னது விளங்கிச்சு. உன்ட நோட்டீசு விளங்கல்ல" என்றாள். பாதை கரையைத் தட்டியது.

அங்கிருந்து அவளுடைய ஸ்கூட்டரில் வட்டைக்குப் போனோம். வட்டை என்றால் ஊராரின் வயல்கள் ஒன்றாகக் கிடக்கும் பெருவெளி. வெட்டும் இயந்திரம் காலையிலேயே வேலையை முடித்துப் போய்விட்டிருந்தது, சிவமலரின் கணவர் சாக்குகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். மதியம் மருத மர நிழலில் புதுநெல்லுச் சோறும் வாவி இறால் கறியும். பசியில் நான் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். சிவமலர் முழங்கையால் இடித்தாள்.

"சத்தமாச் சொல்லு கா. எங்களுக்கும் கேக்கட்டும்."

சொன்னேன். சோற்றுக்கு நன்றி, வேளைக்குப் பெய்த மழைக்கு நன்றி, பாதையில் ஏறி வந்த தோழிக்கு நன்றி. ஐந்து வரிகூட இருக்காது. நான் கண்ணைத் திறந்தபோது சிவமலர் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானோ? இதையோ நாலு வருஷம் ஒளிச்சு வச்சாய்?"

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாதை காலையில் நிரம்பித்தான் வரும், அவசரம் வேண்டாம். பின்னேரம் கடைசிப் பாதை எத்தனை மணிக்கென்று ஏறும்போதே கேட்டு வையுங்கள், காற்று பலமென்றால் ஓடாது. அப்படியான நாளில் பாலத்தால் சுற்ற வேண்டும், ஓட்டோவுக்கு ஆயிரத்துக்கு மேல் கேட்பார்கள். குடை பிரயோசனமில்லை, வாவிக்காற்று பிடுங்கிக்கொண்டு போகும், தொப்பி நல்லது. சில்லறையாக வைத்திருங்கள். என்னைப்போல விசுவாசத்தைச் சொல்ல ஆசையும் பயமுமாக இருப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்லத் தெரியும்: யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், அவர் சொல்வதையும் கேளுங்கள். என் நோட்டீஸ் கட்டு அலுமாரிக்குள் இருக்கிறது, எடுக்க மனமில்லை.

நான்கு மணிப் பாதைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாள். ஏறி நின்ற பிறகு கரையிலிருந்து கூப்பிட்டாள். "அந்த நோட்டீசில மிச்சக் கதையும் இருந்ததோ? ஒண்டு தந்திட்டுப் போ."

பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். சீப்பும் தண்ணீர்ப் போத்தலும்தான். "நீதானே கொண்டு வரவேண்டாம்னு சொன்ன!"

இயந்திரம் கிளம்பிவிட்டது. கைகளை வாயருகே குவித்துக்கொண்டு அவள் கத்தியது வாவி முழுக்கக் கேட்டது.

"நல்லதாப் போச்சு! அப்ப மிச்சத்தச் சொல்ல நீதான் இன்னொருக்காக் கிறுகி வரோணும்!"